குழாயில் கட்டிய கங்கணக் கயிறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் படிப்பதற்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நீங்கள் இதை முழுதாகப் படிப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, கூடவே ஒரு கும்பிடு பொம்மையையும் அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். போங்கள். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. இருபத்தாறு வருஷம் சித்தூரிலும் திருப்பதியிலும் அடுத்தவர் வீட்டுப் புல்தரையைப் பச்சையாக வைத்திருக்கும் சூப்பர்வைசர் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட குணம் அது.

என்ன உரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. ஏப்ரல் பிறந்ததும் நம் பக்கத்து வெயில் புல்லைப் பொரித்தெடுக்கும். வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ‘ஏன் காயுது?’ என்று கேட்பார். உங்கள் வாயிலிருந்து ஏதாவது பதில் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் நான் ஒரு பதில் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், சந்தேகம் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். திருப்பதியில் ஒரு டாக்டர் வீடு. நல்ல மே மாதம். தெருவில் வேப்பமரமே வாடி நிற்க, அந்த வீட்டுப் புல் மட்டும் கிளிப்பச்சையாக இருந்தது. மறுநாள் அவர்கள் வீட்டில் விசேஷம். டாக்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தோட்டக்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நான் உட்கார்ந்து ஒரு பிடிப் புல்லைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். கைக்குட்டை பச்சையாகிவிட்டது. காய்ந்த புல்லுக்குச் சாயம் அடித்திருந்தான் அந்தப் புண்ணியவான். அன்றிலிருந்து ஆபீசில் எந்த வீட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கும் தலை கனத்துப்போனது. நான் சந்தேகப்பட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இனி டீச்சரம்மா வீட்டுக்கு வருகிறேன்.

அந்த வீடு சித்தூரில் இருந்தது. வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. தெருவே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக ஒரே சபையில் இருப்பவர்கள். கணவர் இறந்துவிட்டார், மகன் பெங்களூரில் இருந்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் கணவர் ஆசை ஆசையாகப் போட்ட புல்தரை. ஈஸ்டர் அன்று பொழுது விடியும்போது சபையார் அறுபது எழுபது பேர் அந்தப் புல்லில் உட்கார்ந்துதான் ஆராதனை நடத்துவார்கள். வயசானவர்களுக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்கள் செருப்பை கேட் ஓரம் விட்டுவிட்டு வெறும் புல்லில் உட்கார வேண்டும். அது கணவர் காலத்துப் பழக்கம். ஆகவே டீச்சரம்மாவுக்கு வருஷத்தில் மற்ற நாள் எல்லாம் எப்படிப் போனாலும் ஈஸ்டருக்குப் புல் இருந்தாக வேண்டும். ஈஸ்டர் வருவதோ சரியாக வெயில் ஏறுகிற நேரத்தில்.

அங்கே டீச்சரம்மாவிடம் சம்பளத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் முனிரத்தினம். என் வயசுதான் இருக்கும். புத்தலப்பட்டில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்து, வெயில் வருவதற்குள் தண்ணீர் விட்டுவிட்டு, தன் நிலத்தைப் பார்க்கத் திரும்பிப் போய்விடுவார். நான் அந்த வீட்டுக்குப் போவது செவ்வாய், வியாழன், சனி. அதுவும் பதினோரு மணிக்கு மேல். மற்ற நாட்களில் எனக்குத் திருப்பதி வீடுகள். அவர் தண்ணீர் விடுவதை நான் ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சந்தேகப்பட எனக்கு அது போதாதா?

அந்த வருஷம் ஜனவரியில் டீச்சரம்மாவின் மகன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பியிருந்தான். போர்வெல் தண்ணீரில் குளித்து அம்மாவுக்கு முடி கொட்டுகிறது, குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது, அதனால் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற மெஷின். அதை வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுப் பின்சுவர் ஓரம் வைத்தார்கள். வைக்கும்போது பிளம்பருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான்தான் ஜெயித்தேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

மார்ச் நடுவில் புல் காய ஆரம்பித்தது. எங்கிருந்து தெரியுமா? பின்சுவர்ப் பக்கத்திலிருந்து. தோட்டக் குழாய் இருப்பது முன்னால் கேட் பக்கம். பின்சுவர் வரைக்கும் ஹோஸை இழுத்துக்கொண்டு போக வேண்டும். என் மூளை உடனே கணக்குப் போட்டுவிட்டது. பக்கத்தில் இருக்கிற புல் பச்சை, தூரத்தில் இருக்கிற புல் மஞ்சள். ஆள் ஹோஸை இழுக்கச் சோம்பேறித்தனப்படுகிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

முனிரத்தினத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அங்கயும் உட்டுக்கினுதான் கீறேன் சார். அந்தப் பக்கம் உட்டா தண்ணி உள்ள எறங்க மாட்டேங்குது. மேலயே நின்னுக்கினு கீது. மண்ணு ஒரு தினுசா ஆயிட்சி சார். ஒருவாட்டி காலைல வந்து பாருங்களேன்.”

காலையில் வந்து பார் என்று கூப்பிட்ட ஆளிடம் போய்ப் பார்த்திருக்கலாம். திருப்பதி வேலையை ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் போதும். ஆனால் வரச் சொல்கிற அன்று மட்டும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டுக் காட்டுவான் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக ஒரு பொறி வைத்தேன்.

அந்த வாரம்தான் உறவுக்காரர் வீட்டு வேண்டுதலுக்காக நாராயணவனம் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன். கையில் மஞ்சளும் சிவப்புமாகக் கங்கணக் கயிறு இருந்தது. வியாழக்கிழமை மதியம் டீச்சரம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது அதைக் கழற்றி, தோட்டக் குழாயின் திருகையும் பைப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். குழாயைத் திருகினால் கயிறு அறுந்துபோகும். சாமி கயிற்றை இதற்கா பயன்படுத்துவது என்று மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கையில் வேறு நூல் இல்லை.

சனிக்கிழமை போனேன். கயிறு அறுபடவில்லை. செவ்வாய்க்கிழமை போனேன். அப்படியே இருந்தது. முடிச்சு மட்டும் கொஞ்சம் உள்பக்கமாக, குழாயை மூடிப் படர்ந்திருந்த கொடியின் இலைக்குள்ளே போயிருந்தது. காற்றில் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நாளாகக் குழாயைத் திறக்கவே இல்லை, தினமும் பஸ் ஏறி வந்து சும்மா போகிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. முன்பக்கப் புல் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று ஒரு கேள்வி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. நமக்குச் சாதகமாகச் சாட்சி கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கண்ணில் படாது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். முனிரத்தினம் வேலையை முடித்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புல் நனைந்திருந்தது. நான் வருவது எப்படியோ தெரிந்து இன்று மட்டும் விட்டிருக்கிறான் என்று எனக்கு மேலும் கோபம். கயிற்றைப் போய்ப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. டீச்சரம்மாவை வாசலுக்கு அழைத்து எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தேன். கேட் திறந்து கிடந்தது. பால்காரம்மா, ஸ்கூல் ஆட்டோவுக்குக் காத்திருந்த தாய்மார்கள், எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவரு குழாயத் தொறக்கறதே இல்லம்மா. தெனமும் வந்துட்டுச் சும்மா போறாரு. அதான் புல்லு சாவுது.”

டீச்சரம்மா நிதானமானவர். “ஆதாரம் இல்லாம அப்படிச் சொல்லக் கூடாது சூப்பர்வைசர்” என்றார்.

“ஆதாரம் இருக்கும்மா. குழாய்ல நான் ஒரு அடையாளம் வெச்சேன். பத்து நாளா அது அசையவே இல்ல.”

“என்ன அடையாளம்?”

அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அவர் வீட்டுத் தோட்டத்தில், அவரிடம் கேட்காமல் கோயில் கயிறு கட்டியதாக எப்படிச் சொல்வது? “அது எங்க தொழில் விஷயம்மா” என்று மழுப்பினேன்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். “நான் உட்டேம்மா” என்று மட்டும் சொன்னார்.

திறந்த வாய் மூடியதை நான் விடவில்லை. “பாத்தீங்களா? பதில் இல்ல” என்றேன். டீச்சரம்மா மஞ்சளாகக் கிடந்த பின்சுவர்ப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பிறகு, “நாளையிலிருந்து வரவேண்டாம் முனிரத்தினம்” என்றார். அவர் ஹோஸைச் சுருட்டி முடித்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். ஒரு திருடனைப் பிடித்துவிட்ட திருப்தியோடு நான் இட்லி தின்னப் போனேன்.

மறுநாளிலிருந்து நானே தண்ணீர் விட்டேன். யாரையும் நம்பத் தயாராக இல்லை. விடிவதற்கு முன் வந்து, ஹோஸைப் பின்சுவர் வரை இழுத்துப்போய், அரைமணி நேரம் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் திருப்பதிக்கு ஓடுவேன். ஒரு வாரத்தில் மஞ்சள் இன்னும் நான்கடி முன்னால் வந்துவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. முனிரத்தினம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. உடனே இன்னொரு சந்தேகமும் வந்தது. போவதற்கு முன்னால் வஞ்சம் தீர்க்க எதையாவது கொட்டிவிட்டுப் போயிருப்பானோ? வேலை போன பிறகும் அந்த மனுஷனை நான் விடவில்லை பாருங்கள். உரக்கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டில் கட்டிட வேலை நடந்தது, அந்தச் சிமெண்டைச் சந்தேகப்பட்டேன். எதிர்வீட்டுத் தாசில்தாரின் நாயைக்கூட நான்கு நாள் கண்காணித்தேன்.

கடைசியில் எனக்குச் சொன்னது பால்காரம்மாவின் பசு. ஒரு வியாழக்கிழமை கேட் திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிட்டது. விரட்டக் குச்சியோடு ஓடினேன். முன்பக்கம் இருந்த பச்சைப் புல்லை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்சுவர்ப் பக்கம் போய், செத்துப்போன இடத்தில் தலையைக் குனிந்து வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தது. நல்ல புல்லை விட்டுவிட்டு மண்ணை ஏன் நக்குகிறது?

குச்சியைக் கீழே போட்டேன். குனிந்து அந்த மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சுருக்கென்று கரிக்கிற உப்பு. அப்போதுதான் பின்சுவர் ஓரத்தில் அந்த மெஷின் கடமுடவென்று சத்தம் போட்டது. அதிலிருந்து வந்த ஒரு பைப் வழியாகத் தண்ணீர் கொட்டி, புல்தரையின் மேல்முனையில் பரவி, சரிவில் மெல்ல இறங்கியது.

இப்போது அந்த வாக்குவாதத்தைச் சொல்கிறேன். அந்த மெஷினுக்குள் கல் உப்பு கொட்ட வேண்டும். வாரம் இரண்டு முறை அது உப்புத் தண்ணீரால் தன்னைத் தானே கழுவிக்கொண்டு, கழுவிய தண்ணீரை வெளியே தள்ளும். பசு நக்கிய அன்றுதான் இது எனக்கு விளங்கியது. ஜனவரியில் பிளம்பர் அந்தக் கழிவைப் பக்கத்துச் சாக்கடையில் விடப் போனான். “இந்தத் தண்ணி செடிக்கு ஆவாது சார்” என்றான். சாக்கடை ஐந்தடி தூரம். புல்தரை முப்பதடி. பைப் புதைக்கச் சோம்பேறித்தனப்பட்டுக் கதை விடுகிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “வெயில் காலம் வருது, தண்ணிய சாக்கடைக்கு உடறியா? எனக்கா கத்துக்குடுக்கற? புல்லுக்கு உடு” என்று பக்கத்தில் நின்று தோண்ட வைத்தேன். “சரே சார், மீ இஷ்டம்”, உங்கள் இஷ்டம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவன் தோண்டினான்.

உப்பு மூட்டைகளையும் நான் பார்த்திருந்தேன். வெராண்டாவில் அடுக்கியிருந்தார்கள். மாங்காய் சீசன், டீச்சரம்மா ஊறுகாய் போடுவதற்கு வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, தனியாக இருக்கிற ஒரு அம்மா மூன்று மூட்டை உப்பில் எத்தனை ஊறுகாய் போடுவார் என்று மட்டும் சந்தேகம் வரவில்லை.

அன்றே அந்தப் பைப்பைப் பிடுங்கிச் சாக்கடைக்குத் திருப்பினேன். பிறகு டீச்சரம்மாவிடம் போனேன். இங்கே நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். “மெஷின் தண்ணிய பிளம்பர் தப்பான பக்கம் விட்டுட்டான்மா. நான் கண்டுபிடிச்சிட்டேன்” என்றேன். அவ்வளவுதான். பைப்பை அங்கே போடச் சொன்னது யார் என்பதைச் சொல்லவில்லை. முனிரத்தினத்தின் பெயரையும் எடுக்கவில்லை. டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அந்தக் கயிறு என்னைத் தூங்கவிடவில்லை. உப்பு தெரிந்துவிட்டது, சரி. கயிறு ஏன் அறுபடவில்லை? அவர் தண்ணீர் விடவில்லை என்பதாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன். அப்படி இருந்தால் நான் பாதியாவது தப்பித்துவிடுவேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் சனிக்கிழமை புத்தலப்பட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். அது பொய்.

முனிரத்தினம் தக்காளிச் செடிகளுக்கு நடுவே சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாமரத்து நிழலில் உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் உப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“மண்ணு ஒரு தினுசா ஆயிட்சின்னு அப்பவே சொன்னேனே சார்.”

“அது சரி. குழாய்ல ஒரு கயிறு கட்டினேன். நீங்க தண்ணி விட்டிருந்தா அது அறுந்திருக்கணுமே?”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“அது சாமி கயிறாச்சே சார். அத்த அறுக்கலாமா? புல்லு காயுதேன்னு நீங்க வேண்டிக்கினு கட்டிக்கீறீங்கன்னு நெனச்சேன். தெனமும் முடிச்ச அவுத்து, கண்ணுல ஒத்திக்கினு, பக்கத்துல வெச்சிட்டுத் தண்ணி உடுவேன். முடிஞ்சப்புறம் திரும்பக் கட்டிட்டுப் போவேன். டீச்சரம்மா வேதக்காரங்க. அவங்க பாத்தா உங்கள இன்னா நெனப்பாங்களோன்னு எலைக்குள்ள மறச்சி வெச்சேன்.”

“அன்னிக்குக் கேட்ல வெச்சிக் கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே?”

“அடையாளம் வெச்சேன்னு நீங்க சொன்னப்பதான் எனக்கு வெளங்கிச்சி. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். டீச்சரம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க வூட்டுல சாமி கயிறு கட்டினீங்கன்னு நான் சொன்னா உங்களுக்குக் கஷ்டம் வந்துடப் போவுதுன்னு உட்டுட்டேன்.”

நான் அவரைக் குற்றவாளியாக நிற்க வைத்த அதே நேரத்தில் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து அழுதேன். அவர் என் அழுகையைப் பார்க்காததுபோலத் தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரும்ப வேலைக்கு வாங்க” என்றேன்.

“டீச்சரம்மாகிட்ட என்னப் பத்தி இன்னா சொன்னீங்க சார்?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றேன்.

“வேல கெடக்கட்டும். முதல் பஸ்ஸு கண்டக்டரு கேக்கறாரு, இன்னா முனிரத்தினம், தண்ணி ஊத்தாமயே சம்பளம் வாங்கினியாமேன்னு. பஸ்ஸே சிரிக்குது. என் பொண்ணு அந்த பஸ்ஸுலதான் காலேஜிக்குப் போவுது. எத்தினி பேரு பாக்கச் சொன்னீங்களோ அத்தினி பேரு பாக்கச் சொல்லுங்க சார். அப்பறம் வரேன்.”

ஈஸ்டர் அன்று காலையில், தெருவே அங்கே கூடும்போது, வந்து கேட்டில் நிற்பதாகச் சொன்னார். அதற்கு எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன், ஜிப்சம் போட்டேன், நல்ல தண்ணீர் டேங்கர் வரவழைத்து உப்பைக் கீழே இறக்கினேன். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, அந்த எட்டு நாளும் என் மனசு போட்ட திட்டங்கள். முனிரத்தினத்தைத் தனியாகப் பார்த்துச் சமாதானம் செய்யலாமா? டீச்சரம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னால் போதாதா? அவர் சிநேகிதிகள் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் புல்லையும் என்னிடமே ஒப்படைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். உண்மை வெளியே வந்தால் அது போகும். ஆபீசுக்குத் தெரிந்தால் என் வேலையே போகலாம். முனிரத்தினம் ஒருவேளை வரமாட்டாரோ என்றும் நினைத்தேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்பதே சரி.

ஈஸ்டர் விடிந்தது. முன்பாதிப் புல் பச்சையாக இருந்தது. பின்சுவர்ப் பக்கம் வெறும் மண். அங்கே வெள்ளைத் துணி விரித்த மேஜையைப் போட்டு ஐயர் நின்றார். அந்தச் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து, தெருக்காரர்களுக்கும் சேர்த்துப் பன்னும் காபியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் கேட்டைப் பார்த்தேன். முனிரத்தினம் வெளியே நின்றிருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே வரவில்லை. பால்காரம்மா இருந்தார், தாசில்தார் காபி டம்ளரோடு இருந்தார். அன்றைக்குப் பார்த்த முகங்கள் எல்லாம் இருந்தன. டீச்சரம்மா என்னை யாருக்கோ காட்டி, “இவர்தான் எங்க புல்லைக் காப்பாத்தினவர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் காப்பாத்தலம்மா” என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். “நான்தான் சாகடிச்சேன். மெஷின் தண்ணிய புல்லுக்கு விடாதீங்கன்னு பிளம்பர் சொன்னான். நான்தான் அதட்டி விடச் சொன்னேன். முனிரத்தினம் ஒருநாள் தவறாம தண்ணி விட்டாரு. நான் குழாய்ல கோயில் கயிறு கட்டி வெச்சி அவரை வேவு பாத்தேன். அதை அவுத்து அவுத்துத் தண்ணி விட்டு, திரும்பக் கட்டி வெச்சிருக்காரு. உங்ககிட்ட நான் மாட்டிக்கக் கூடாதுன்னு வாயைத் தொறக்காமப் போனாரு. அவரு மேல சொன்னதெல்லாம் பொய்.”

டீச்சரம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு வெறுங்காலோடு கேட்டுக்குப் போனார். முனிரத்தினத்தின் முன்னால் கை கூப்பினார்.

“விசாரிக்காம அனுப்பிட்டேன் முனிரத்தினம். இத்தனை வருஷம் பிள்ளைங்களை விசாரிச்சே தண்டிச்ச நான், உங்களை விசாரிக்கல. மன்னிச்சிடுங்க. உள்ள வாங்க.”

“அய்யய்யோ, இன்னாம்மா இது, பெரியவங்க” என்று அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். தாசில்தார் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. எல்லோரையும்போலப் புல்லில் உட்கார்ந்து காபி குடித்தார்.

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். “உங்களை இனிமே வரவேண்டாம்னு சொல்லத்தான் தோணுது. அவரையே கேட்கறேன்” என்றார். முனிரத்தினம் என்னைப் பார்க்காமல், “வரட்டும்மா” என்றார். சிநேகிதிகள் இரண்டு பேரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஆபீசில் ஒரு வருஷம் எனக்குப் புது வீடு எதுவும் கொடுக்கவில்லை. பிளம்பரிடமும் போய்ச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, தன் வீட்டு வாசலில் தோண்ட வேண்டியிருந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, மண்வெட்டியை என் கையில் கொடுத்தான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முனிரத்தினம் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் போனபோது, வழக்கமாகக் கிளம்பிவிடும் மனுஷன் எனக்காகக் காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டு நூலை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டும் அறுந்த நூல்.

“இன்னா இது?” என்றேன்.

“குழாய்ல கட்டினது சார். நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு. தண்ணி உடும்போது அறுத்தது.”

“ஐயோ, இதெல்லாம் எதுக்கு? நான் இனிமே உங்களச் சந்தேகப்படுவேனா?”

“இருக்கட்டும் சார். இது சாமி கயிறு இல்ல, சும்மா வெள்ள நூலு. அறுக்கலாம்.”

அவர் குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதன் பிறகு நான் வரும் நாட்களில் எனக்காகக் காத்திருப்பதில்லை. தோட்டக் குழாய்க்கு மேல் ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னக் கல்லுக்கு அடியில் நூல் இருக்கும். சனிக்கிழமை போனால் இரண்டு, செவ்வாய்க்கிழமை போனால் மூன்று. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். போனில் சொன்னேன், நேரில் சொன்னேன், ஒருமுறை காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான், “இருக்கட்டும் சார்.” புல் மறுவருஷம் சுவர் வரைக்கும் பச்சையாகிவிட்டது. நூல் நிற்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாக அந்த வீட்டுக்குப் போனேன். முனிரத்தினம் காத்திருந்தார். எனக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்திருந்தார், அவர் நிலத்து மாமரத்துப் பழம். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு அன்றைய நூலை எடுத்து நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்று மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.